அடுத்தது அஞ்சாம் போர்ஷன்

“கடைசியா மூடினது யாரு?”

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் பேசும் முதல் பேச்சு இதுதான். காக்கிப் பையைத் தோளிலிருந்து இறக்கியிருக்க மாட்டார். சொட்டிக்கொண்டிருக்கும் குழாயைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நம் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். திருடு போன வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வந்து நிற்பது மாதிரி இருக்கும். ஒரு பாவமும் செய்யாதவர்கள்கூட ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

“நான்தான் மூடினேன். அதுக்கு இன்னா இப்போ?” என்றாள் அம்மா ஒருநாள், எரிச்சலாக.

அவர் குழாயின் தலையைக் கழற்றினார். உள்ளேயிருந்த வாஷரை எடுத்து, பொட்டு மாதிரி விரல் நுனியில் ஒட்டவைத்து, வெளிச்சத்துக்குக் காட்டினார். கறுப்பு ரப்பரில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

“நீங்க இல்லம்மா. உங்க கை இவ்ளோ கடிக்காது. இது யாரோ அவசரக்காரங்க. பஸ்ஸை வுட்டுடுவோம்னு ஓடறவங்க.”

அப்போது அந்த வீட்டில் தினமும் ஓடுகிற ஆள் ஒருத்திதான். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் இரண்டாம் வருஷம். பஸ் இல்லை, சைக்கிள். அது ஒன்றுதான் தப்பு. சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்திருந்தால்கூட எனக்கு அத்தனை கோபம் வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

தேரடித் தெருவுக்குப் பின்னால் இருந்தது எங்கள் காம்பவுண்டு. ஏழு போர்ஷன், எங்களுடையது மூன்றாவது. வாசலில் முனிசிபல் குழாய் உள்ளே நுழைந்து, சுவரோரமாகவே போய், வீட்டுக்கு ஒன்றாக ஏழு குழாய்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கடைசிச் சுவரில் முட்டி நிற்கும். காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வரும். முதல் போர்ஷனில் சொட்டினால் ஏழாம் போர்ஷனில் குடம் நிறையாது. ஆகவே சொட்டுகிற குழாய் என்பது எங்களிடையே ஒரு வீட்டின் சொந்த விஷயமாக இருந்ததே இல்லை. அது பொதுச் சண்டை.

சண்டை முற்றினால் முன்கட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா ஆள் அனுப்புவார். அவர் வருவார். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். பெயர் என்ன என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இத்தனை துருவுகிற நானும் கேட்டதில்லை.

அவருக்கு வலது முழங்கால் சரியாக மடங்காது. குழாய்க்கு முன்னால் உட்காருவதை மூன்று தவணையாகச் செய்வார். முதலில் சுவரைப் பிடிப்பார், பிறகு இடது காலை மடக்குவார், பிறகு “யா அல்லா” என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வலது காலை நீட்டியபடி இறங்குவார். உட்கார்ந்ததும் திருப்புளியின் முனையைக் குழாயில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. ஆறாம் போர்ஷன் குழந்தை அழுதால்கூடக் கையை உயர்த்துவார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார் அல்லவா, இவர் குழாயின் நெஞ்சில் திருப்புளி வைத்துப் பார்த்தார்.

அவர் எதையும் நம்பியதில்லை. கடையில் வாங்கிய புது வாஷரை நகத்தால் கீறிப் பார்ப்பார். மரையில் சுற்றும் சணலை இழுத்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். தண்ணீர் திறந்ததும் முதல் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து, மண் இருக்கிறதா என்று சூரியனுக்குக் காட்டுவார். எல்லாவற்றையும்விட மனிதர்களை நம்ப மாட்டார். முதல் போர்ஷனில் ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் வீட்டு வாஷரைப் பார்த்துவிட்டு, “சார், ஸ்கூல்ல இருக்கிற கோவத்தை ஸ்கூல்லயே வெச்சிட்டு வந்துடுங்க. குழா தாங்காது” என்றார். வாத்தியார் சிரித்துவிட்டார். ஆனால் வாத்தியார் மனைவி சிரிக்கவில்லை, உள்ளே போய்விட்டாள். ஐந்தாம் போர்ஷனில் இருந்த பேங்க் கிளார்க்கின் மனைவியிடம், “ராத்திரியில யாரோ எழுந்து வந்து திறந்து பாக்கறாங்க போல. தண்ணி வராதப்ப இன்னாத்துக்கும்மா திறக்கறீங்க?” என்றார்.

“இவன் குழா ரிப்பேர் பண்ண வர்றானா, குடும்பத்தைத் துப்பறிய வர்றானா?” என்றாள் அந்த அக்கா, அவர் தெருமுனை திரும்பியதும். “பழைய வாஷரை இன்னா பண்றான் பாத்தியா? கீழ போடறதே இல்ல. டின்னுல போட்டு எடுத்துக்கினு போறான். எதுக்கு?”

எதுக்கு? இந்த ஒரு கேள்வி போதும் எனக்கு. அந்த வயதில் எனக்குத் தூங்காமல் இருக்க டீயோ காபியோ தேவைப்பட்டதில்லை, ஒரு ‘எதுக்கு’ இருந்தால் போதும்.

அவர் பையில் பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். கழற்றிய வாஷரைப் பேப்பரில் மடித்து, பேப்பரின் மேல் பென்சிலால் ஏதோ கிறுக்கி, அந்த டின்னில் போட்டு மூடுவார். ஒருநாள் வாசலில் இருக்கும் பெரிய வால்வைத் திருப்ப அவர் எழுந்து போனபோது டின் எங்கள் வீட்டுக் குழாயடியிலேயே இருந்தது. அவர் கால் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். திறந்துவிட்டேன்.

உள்ளே ஏழு பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். ஒன்று முதல் ஏழு வரை.

என் மனம் எங்கே பாய்ந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஒரு வீட்டு வாஷரைத் திருப்பிப் போட்டு இன்னொரு வீட்டில் மாட்டுகிறார்! அதற்குத்தான் எண்! அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, கோடு போட்டு, எழுத ஆரம்பித்தேன். எந்தத் தேதியில் வந்தார், எந்தக் குழாய், அதன் பிறகு எந்தக் குழாய் எத்தனை நாளில் சொட்டத் தொடங்கியது. பழைய தேதிகளை அம்மாவின் காலண்டரில் இருந்து எடுத்தேன். தண்ணீர்ச் சண்டை நடந்த நாட்களை அம்மா பால் கணக்குப் பக்கத்தில் குறித்து வைப்பாள்.

எழுதி முடித்ததும் மேலிருந்து கீழாக ஒருமுறை எண்ணினேன். அவர் ஏழு முறை வந்திருக்கிறார். ஏழு முறையும், அவர் போன நாலைந்து நாளில், அவர் தொடாத வேறொரு குழாய் சொட்டியிருக்கிறது. ஒருமுறைகூடத் தப்பவில்லை.

அதற்கடுத்த முறை அவர் எங்கள் குழாயைச் சரிசெய்துவிட்டு, திருப்புளியைக் காதில் வைத்தபடி சுவரோரமாகவே கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, “அடுத்தது அஞ்சாம் போர்ஷன்” என்றார்.

நான் உடனே ஐந்தாம் போர்ஷனுக்கு ஓடினேன். குழாயைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. வாயின் அடியில் காய்ந்த துணியை வைத்து எடுத்தேன். ஈரமில்லை.

நாலாம் நாள் காலையில் ஐந்தாம் போர்ஷன் அக்கா கத்துகிற சத்தம் கேட்டது. “வந்து பாருங்கடி! சொட்டுது!”

நடக்கப்போவது முன்னாலேயே தெரிந்திருக்கிறதென்றால், செய்தவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? எனக்கு அது ஒரு தேற்றத்தை நிரூபித்த மாதிரி இருந்தது.

இதே ஏழு முறையும் வந்து போனவர் வாத்தியாராகவோ தபால்காரராகவோ இருந்திருந்தால் நான் நோட்டுப் போட்டிருப்பேனா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பதில் தெரியும். அதனால்தான் பலமுறை யோசிக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் வீட்டுக்காரம்மா செங்கம் ரோட்டில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். பதினெட்டு அறை. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் மாதக் கணக்கில் தங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆரம்பித்த வேலை. கார்த்திகை தீபத்துக்குள் திறந்துவிட வேண்டும் என்று அவசரம். அறைக்கு அறை குழாய். வேலை முடிந்த பிறகும் அங்கேயே ஓர் ஆள் வேண்டும். பின்பக்கம் ஓர் அறை கொடுத்துவிடுவார்கள். அந்த இடம் பாய்க்குத்தான் என்று பேச்சாகியிருந்தது. அதைப் பற்றி அவரே ஒருமுறை அம்மாவிடம் சொன்னார். அவர் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அது ஒருமுறைதான்.

“அது மட்டும் கெடைச்சிட்டா போதும்மா. இந்தக் காலை வெச்சிக்கினு இனிமே தெருத் தெருவா ஏறி எறங்க முடியாது.”

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நோட்டை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனேன். பதினெட்டு அறையிலும் இந்த வேலையைக் காட்டினால் என்ன ஆகும் என்று வீட்டுக்காரம்மாவைக் காப்பாற்றப் போகிற நினைப்பு.

அவர் நோட்டை இரண்டு தடவை புரட்டினார். “சின்னப் பொண்ணு எழுதின மாதிரியே இல்லடி” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் நின்ற பிறகு, பாயை வரச் சொன்னார்கள். காம்பவுண்டு முழுக்கக் கூடிவிட்டது. அவர் வழக்கம்போலப் பையை இறக்காமல் நின்றார். ஐந்தாம் போர்ஷன் குழாயைச் சரிசெய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வந்திருப்பார் போல.

“பாய், இவ ஒண்ணு சொல்றா. ஒவ்வொரு தடவையும் நீங்க வந்துட்டுப் போனப்புறம் வேற குழா கெட்டுப்போவுதாம்.”

“ஆமா.”

“ஆமாவா?”

“ஆமாதான். அதுக்குத்தான உங்களாண்ட முன்னயே சொன்னேன், ஏழையும் ஒரே நாள்ல மாத்திப்புடலாம்னு. மூணு தடவை சொன்னேன்.”

“அப்பவே நெனச்சேன், ஒரே நாள்ல ஏழு வீட்டுக் கூலி பாக்கற ஐடியான்னு” என்றாள் ஐந்தாம் போர்ஷன் அக்கா.

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “நான் கெடுத்ததைப் பாத்தியாம்மா?”

“பாக்கல. ஆனா அடுத்தது அஞ்சுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“சொன்னேன்.”

“டின்னுல நம்பர் போட்டு வெச்சிருக்கீங்களே?”

அவர் முகம் மாறியது அப்போதுதான். நான் குற்றம் சொன்னதற்கு மாறாத முகம், டின்னைத் திறந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் மாறியது. வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பி, மெதுவாக, “ஒண்ணை அடைச்சா தண்ணி அடுத்ததைப் போய் முட்டும்மா. எது வீக்கா கீதோ அது வுட்டுடும். அவ்ளோதான்” என்றார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

“தண்ணிக்கு இன்னா கண்ணா இருக்குது, அஞ்சாம் நம்பர்னு பாத்து முட்டறதுக்கு?” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார்கூட. அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் நேரம் நீடித்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு இருந்தது. அது அடங்கியபோது காரியம் முடிந்திருந்தது. வீட்டுக்காரம்மா, “சரி பாய், லாட்ஜ் வேலைக்கு நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்” என்றார்.

பாய் கையை நீட்டி நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். கண்ணருகே வைத்து, ஒவ்வொரு வரியாக, விரலால் தடவிப் படித்தார். ஒரு பக்கத்தில் நின்று ஏதோ எண்ணினார். திருப்பிக் கொடுத்தார்.

“தேதி எல்லாம் சரியாத்தான் எழுதிக்கீற.”

அவ்வளவுதான். நடந்து போனார். வாசல் படி இறங்கவும் அவருக்குத் தவணை தேவைப்பட்டது.

அவருக்குப் பதிலாக வேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். சிரித்த முகம், சுத்தமான சட்டை. யாரையும் எதுவும் கேட்க மாட்டார். பழைய வாஷரைச் சாக்கடையில் சுண்டி எறிவார். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. லாட்ஜ் வேலையும் அவருக்கே போனது. ஐந்தாம் போர்ஷன் குழாயைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போனார். ஆறாம் நாள் இரண்டாம் போர்ஷனில் சொட்டியது. அதை முடித்தார். நாலாம் நாள் முதல் போர்ஷனில் சொட்டியது.

நான் நோட்டைத் திறந்து அந்த இரண்டு வரிகளையும் எழுதினேன். எழுதிவிட்டு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரும் செய்கிறார் என்று ஒரு நாள் முழுக்க நம்பிப் பார்த்தேன். அதுவும் நடந்தது, மறைக்கவில்லை.

மறுநாள் காலேஜ் போகும் வழியில் என் சைக்கிள் பஞ்சர். கடைக்காரர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். ஓர் இடத்திலிருந்து குமிழ் வந்தது. கட்டைவிரலால் அதை அழுத்தினார். உடனே, ஒரு சாண் தள்ளி, அதுவரை சும்மா இருந்த இன்னோர் இடத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது.

“இங்க ஒண்ணு ஒளிஞ்சிக்கினு கீது பாரு” என்றார் கடைக்காரர்.

நான் அன்று காலேஜுக்குப் போகவில்லை. அழுத்தம் பற்றிய பாடத்தில் எனக்கு வகுப்பிலேயே அதிக மார்க்! ஒரு குழாய் சொட்டும்போது அந்த மெல்லிய லைன் முழுவதற்கும் அழுத்தம் இறங்குகிறது. அதை அடைத்ததும் ஏறுகிறது. ஏறினால் தேய்ந்த வாஷர் நாலு நாளில் விட்டுவிடுகிறது. எது தேய்ந்தது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு வீட்டிலும் கழற்றியதை எண் போட்டு வைத்து, எது எத்தனை மாதம் தாங்கியது, எவ்வளவு பள்ளம் விழுந்தது என்று பார்த்தால் தெரியும். நான் நாற்பது பக்க நோட்டில் எழுதியதை அவர் ஒரு பிஸ்கட் டின்னில் எழுதியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறோம். விடை மட்டும்தான் வேறு.

நோட்டோடு மறுபடியும் முன்கட்டுக்குப் போனேன். மூச்சுவிடாமல் சொன்னேன்.

வீட்டுக்காரம்மா கேட்டுக்கொண்டார். “அன்னிக்கும் இப்படித்தான் நோட்டோட வந்து நின்ன. இன்னிக்கும் நோட்டோட வந்து நிக்கற. எந்த நோட்டைடி நம்பறது?” பிறகு, கொஞ்சம் இளகி, “லாட்ஜுல பாதிக் குழா போட்டாச்சு. இனிமே ஆளை மாத்த முடியாது. போய்ப் படி” என்றார்.

அடுத்த வாரம் எங்கள் குழாய் சொட்டியது. வேலூர்க்காரர் லாட்ஜில் இருந்தார், இங்கே வர நேரமில்லை. அம்மா யாரையும் கேட்காமல் பாய்க்குச் சொல்லி அனுப்பினாள். மூன்று நாள் கழித்து வந்தார். நான் அறைக்குள் இருந்தேன். வழக்கமான கேள்விக்காகக் காத்திருந்தேன். இந்த முறை ‘நான்தான்’ என்று வெளியே வந்து சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம்.

அவர் அதைக் கேட்கவில்லை.

“பாப்பா வீட்ல கீதாம்மா? இருந்தாத்தான் கை வெப்பேன்.”

வெளியே வந்தேன். அவர் கீழே ஒரு நியூஸ் பேப்பரை விரித்தார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ரெஞ்சு, ஸ்பானர், சணல் உருண்டை, வெள்ளைப் பூச்சு டப்பா என்று ஒவ்வொன்றாக எடுத்து, எனக்குத் தெரியும்படி வரிசையாக வைத்தார். டின்னைத் திறந்து காட்டினார். காலி. ஒரு பொட்டலம்கூட இல்லை. சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். பிறகு மூன்று தவணையாகக் கீழே உட்கார்ந்தார்.

“பாய், நான் எழுதினது தப்பு” என்றேன். “எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது.”

“எழுதினதுல தப்பு இல்லம்மா. சரியாத்தான் எழுதியிருந்த.” அவர் நிமிரவில்லை. “தோ பாரு, இது புது வாஷர். ரெண்டு பக்கமும் பாத்துக்க. பாத்துட்டியா? மாட்டறேன்.”

ஒவ்வொரு திருகையும் சொல்லிச் சொல்லிச் செய்தார். இப்ப கழட்டறேன். இப்ப சணல் சுத்தறேன். இப்ப இறுக்கறேன். கிண்டல் இல்லை, கோபம் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பவர் மாதிரி ஒரு நிதானம். அம்மா தாங்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் போக முடியாது. நான் சாட்சி.

கழற்றிய பழைய வாஷரை வெளிச்சத்துக்குக் காட்டவில்லை. பார்க்கக்கூட இல்லை. என் உள்ளங்கையில் வைத்தார்.

“வெச்சிக்க. எங்கியும் எடுத்துக்கினு போவல.”

பிறகு குழாயைத் திறந்தார். “நீயே மூடிப் பாரு.”

இரண்டு விரலால், வலிக்குமோ என்பது போல, மூடினேன். சொட்டவில்லை. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு அவர் எழுந்தார். திருப்புளியைக் கையில் எடுத்தவர், பழக்கத்தில் காதருகே கொண்டுபோனார். பாதியில் நிறுத்தி அதையும் பையில் போட்டார்.

வாசல்வரை பின்னாலேயே போனேன். எதையாவது கேட்டு அவரை ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டும் போலிருந்தது. “அடுத்தது எது பாய்?” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னை முழுசாகப் பார்த்தது அன்றுதான். ஒரு வாஷரைப் பார்ப்பது மாதிரி, எங்கே எவ்வளவு கடித்திருக்கிறது என்று பார்த்தார்.

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

ஐந்தாம் நாள் காலையில் நாலாம் போர்ஷனில் சொட்டியது. நான் நோட்டை எடுக்கவில்லை.